வெளியின் சுரங்கேட்ட பேரறிஞர் மீனாட்சிசுந்தரம்

மீனாட்சிசுந்தரம் என்னும் பெயரைக் கேட்டவுடன் எம்மூர்ப் பெரியோர் நெஞ்சில் முதலில் எழுபவர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள். அடுத்த தலைமுறையினருக்கோ தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் நினைவுக்கு வருவார். இருவரும் தமிழன்னைக்கு அணிசெய்த பெருமக்கள். ஈண்டு யாம் எழுதப் புகும் மீனாட்சிசுந்தரம் வேறொருவர். அன்னார் எண்ணும் எழுத்தும் என்னும் இரு கண்களுள் எண்ணைத் தம் கண்ணாகக் கொண்டவர். உலகில் எங்கெங்கே உயர்தரக் கேத்திரகணிதம் கற்பிக்கப்படுகின்றதோ அங்கெல்லாம் அவர் பெயர் கரும்பலகையில் எழுதப்படுகின்றது. அவர் வளர்ந்த சென்னையின் வீதிகளிலோ, எம் மட்டக்களப்பிலோ அப்பெயரை அறிந்தோர் சிலரே. இம்மலரைக் கையிலெடுக்கும் இளைஞர் அவரை அறிந்துகொள்ளல் வேண்டும் என்பதே இக்கட்டுரை எழுதியதன் நோக்கம்.

சுப்பராமையா மீனாட்சிசுந்தரம் அவர்கள் 1913ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 12ஆந் திகதி கேரளத்துத் திருச்சூரிலே பிறந்தார். சென்னையிலே வளர்ந்து, லொயோலாக் கல்லூரியிலே கணிதத்தைச் சிறப்புப் பாடமாகக் கற்று, 1934இல் ஓனர்ஸ் பட்டம் பெற்றார். அந்நாளிலே கணிதத்தில் உயர்ந்த பட்டம் பெற்ற இளைஞர் பலர் சிவில் சேவைப் பரீட்சைக்கோ, அரசாங்கத்தின் கணக்காய்வுத் திணைக்களத்துக்கோ போய்விடுவர். சம்பளமும் மதிப்பும் அங்கேதான் இருந்தன. மீனாட்சிசுந்தரமோ சென்னைச் சர்வகலாசாலையின் ஆராய்ச்சி மாணவராய் அமர்ந்தார்.

அவருக்கு வாய்த்த முதல் ஆசான் மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஆனந்தராவ் அவர்கள். கணிதமேதை இராமானுஜன் கேம்பிரிட்ஜிலே வாழ்ந்த அதே ஆண்டுகளில் தாமும் அங்கு ஹார்டியிடம் பயின்று மீண்டவர். முடிவின்றி நீளும் தொடர்களைக் கூட்டும் கலையிலே வல்லவர். ஒன்றைக் கூட்டி, ஒன்றைக் கழித்து, மீண்டும் ஒன்றைக் கூட்டி, ஒன்றைக் கழித்து முடிவில்லாமற் சென்றால் விடை யாது? ஒரு படியில் 1, மறுபடியில் 0 என்று அது ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டே இருக்கும். படிதோறும் கிடைக்கும் விடைகளின் சராசரியை எடுத்துச் சென்றால் அது அரையை நெருங்கும். இப்படி அடங்காத தொடரையும் அடக்கிப் பொருள் காணும் முறைகள் பல உள. கேட்போர்க்கு இது பொழுதுபோக்குப்போலத் தோன்றும். ஆயினும் இளமையிலே கற்ற இக்கலையே பின்னாளில் மீனாட்சிசுந்தரத்துக்குத் தக்க கைக்கருவியாயிற்று.

இரண்டாவது ஆசான் றாசின் அடிகள். பிரான்சு தேசத்து யேசுசபைத் துறவியாகிய அவர் பாரிஸ் நகரிலே எலீ கார்த்தான் என்னும் பெருங் கேத்திரகணித அறிஞரின் மாணவர். ஐன்ஸ்ரைனின் சார்புக் கொள்கையிலே ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்றவர். 1937இல் இந்தியா வந்து, 1939 முதல் லொயோலாக் கல்லூரியிலே கற்பித்தார். இந்து இளைஞர் மலரிலே கத்தோலிக்கத் துறவியைப் போற்றுவதா என எவரும் கேளார் என நம்புகின்றேன். மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலே யேசுசபையினரிடம் கற்ற எம்மவர் எத்தனைபேர்! விபுலானந்த அடிகளாரே இளமையில் அக்கல்லூரி மாணவர்தாம். சென்னைக் கணித மாணவர் பழைய பாடத்திட்டங்களிலே சுழன்றுகொண்டிருந்த காலத்தில், ஐரோப்பாவிலே நிகழ்ந்துகொண்டிருந்த புதிய கணிதத்தின் வாயிலைத் திறந்துவிட்டவர் றாசின் அடிகள். வெப்பம், அலை முதலியவற்றின் இயக்கத்தைக் கூறும் பகுதிவகைச் சமன்பாடுகளின் பக்கம் மீனாட்சிசுந்தரம் திரும்பியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

இனி அவர் செய்த பணி யாது என்று சொல்லவேண்டும். அதற்கு முன் ஒரு வினாவைத் தெளிவாக்கிக்கொள்வோம். அளவுடைய ஒன்று எல்லையில்லாமல் இருக்கமுடியுமா?

எம்மூர்த் தான்தோன்றீஸ்வரர் கோயில் வீதியை வலம் வருவோரை நினைத்துப் பாருங்கள். அவ்வீதி இத்தனை முழம் நீளம் என்று கயிறு பிடித்து அளந்துவிடலாம். ஆகவே அது அளவுடையது. ஆயினும் வலம் வருபவர் எத்தனை சுற்று நடந்தாலும், வீதி இவ்விடத்தில் முடிந்தது என்று நிற்கவேண்டிய ஓர் இடம் வருவதில்லை. ஆகவே அதற்கு எல்லையில்லை. மண்முனைத் துறைக்குச் செல்லும் பாதையும் அளவுடையதே. ஆனால் பாலம் வருவதற்கு முன்னாளிலே அது நீரருகே சென்று முடிந்துவிடும். தோணி இல்லாவிட்டால் நிற்கவேண்டியதே. அளவு வேறு, எல்லை வேறு என்பது இதனாற் புலப்படும்.

வீதி நீளம் மட்டும் உடையது. அகலமும் சேர்ந்த பரப்புக்கு வருவோம். எம் வாவி அளவுடைய பரப்பு. அதற்குக் கரை உண்டு. நிலமும் கடலுமாகிய பூமியின் மேற்பரப்பு முழுவதும் ஏறக்குறைய 51 கோடி சதுரக் கிலோமீற்றர். அதற்குக் கரை இல்லை. வாவியின் மேற்கே உள்ள எம் கரையைப் படுவான்கரை என்றும், கிழக்கே உள்ளதை எழுவான்கரை என்றும் எம் முன்னோர் வழங்கினர். கொக்கட்டிச்சோலையிலிருந்து படுவான் திசை நோக்கிப் புறப்பட்டு, இடமும் வலமும் திரும்பாமல் நேரே செல்ல ஒருவனால் முடியுமானால், 40,000 கிலோமீற்றர் கடந்தபின் எழுவான் திசையிலிருந்து அவன் எம்மூருக்குள் வந்து சேர்வான். வழியில் எங்கும் உலகத்தின் விளிம்பை அவன் காண்பதில்லை.

அப்படியானால், நீள அகலத்தோடு உயரமும் உடைய இந்த வெளி முழுவதும் அவ்வாறே அளவுடையதாய், எல்லையற்றதாய் இருத்தல் கூடுமா? 1854ஆம் ஆண்டு யூன் மாதம் 10ஆந் திகதி ஜெர்மனியின் கேற்றிங்கன் நகரிலே, 27 வயதான பேர்ணாட் றீமான் என்னும் கூச்ச சுபாவமுள்ள இளைஞர், முதியவரான கௌஸ் முதலிய ஆசிரியர்கள் முன்னிலையிலே நிகழ்த்திய விரிவுரையில் கூடும் என்று காட்டினார். எல்லையின்மையையும் அளவின்மையையும் வேறு பிரித்துக் காட்டியவர் அவரே. நோயாளியான அவர் 1866இல் நாற்பது வயது நிறையுமுன் மறைந்தார். அவ்விரிவுரை அச்சேறியது 1868இலேதான்.

அத்தகைய வெளியை மனத்திலே காண்பது எங்ஙனம்? அட்சரகணிதம் கற்ற மாணவர்க்கு வழி இலகு. ஒரு தளத்திலே ஒரு வட்டத்தை எழுதவேண்டுமானால் இரு எழுத்துக்களின் வர்க்கங்களைக் கூட்டி, ஆரையின் வர்க்கத்துக்குச் சமன் என்கிறோம். மூன்று எழுத்துக்களின் வர்க்கங்களைக் கூட்டினால் கோளத்தின் மேற்பரப்பு கிடைக்கும். நான்கு எழுத்துக்களின் வர்க்கங்களைக் கூட்டினால்? அதுவும் ஒரு ‘மேற்பரப்பு’. ஆனால் அது நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் உடையது. நாற்பரிமாண வெளியிலே உள்ள கோளத்தின் தோல் என்று அதனைச் சொல்லலாம். அதனுள் வாழ்பவருக்கு அது நம் வெளியைப் போலவே தோன்றும். அதன் கனவளவு ஆரையின் கனத்தை ஏறக்குறைய 19.7 ஆற் பெருக்க வருவது. திட்டமான ஓர் அளவு. எல்லையோ எங்கும் இல்லை.

அந்த நான்காம் பரிமாணம் எங்கே இருக்கிறது என்று புத்திசாலியான பிள்ளை கேட்கும். அது நம் கற்பனைக்கு ஓர் ஏணி. ஏறியபின் அதனை எடுத்துவிடலாம் என்பதே றீமானின் பெரும் உபகாரம். வெளியே சென்று பாராமல், உள்ளிருந்து அளந்தே வளைவை அறியலாம். வடதுருவத்திலே ஒரு முளை அடித்து, 10,000 கிலோமீற்றர் நீளக் கயிற்றைத் தரையோடு பிடித்துக்கொண்டு பூமியை ஒரு சுற்று வந்தால், அது மத்தியகோட்டின் வழியே நடந்த சுற்றாகும். பள்ளிக்கூடத்திலே கற்ற கணக்கின்படி சுற்றளவு 62,800 கிலோமீற்றருக்கு மேல் வரவேண்டும். வருவதோ 40,000தான். அக்குறைவே நிலம் வளைந்தது என்பதற்குச் சாட்சி. வளைந்த வெளியிலும் அவ்வாறே. நம்மூரை நடுவாகக் கொண்டு ஒரு பலூனை ஊதிப் பெருப்பித்துக்கொண்டே போனால், அதன் தோலின் பரப்பு எதிர்பார்த்ததிலும் மெதுவாகப் பெருகி, ஓரிடத்தில் உச்சத்தை அடைந்து, பின்னர் சுருங்கத் தொடங்கி, வெளியின் மறுகோடியிலே ஒரு புள்ளியாய் முடிந்துவிடும். 1917இல் ஐன்ஸ்ரைன் இப்பிரபஞ்சமே அத்தகையது என ஒரு கொள்கையை வெளியிட்டார். பிரபஞ்சம் விரிந்துகொண்டே செல்வது பின்னர் தெரியவந்ததால் அக்கொள்கையின் ஒரு பகுதி கைவிடப்பட்டது. மூடிய வெளி என்னும் எண்ணம் மட்டும் கைவிடப்படவில்லை.

கயிறு பிடித்து அளக்கமுடியாத வெளியை வேறெவ்விதம் அளப்பது? மீனாட்சிசுந்தரத்தின் பெயர் நிலைபெற்றது இவ்வினாவிலேதான். ஆனால் அதற்கு வருமுன் அவர் கடந்த இடர் ஒன்றையும் சொல்லவேண்டும்.

1940இல் சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டம் அளித்தது. அக்காலத்தில் அப்பட்டம் எளிதிற் கிட்டுவதன்று. பட்டம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. உலகப் போர் மூண்டிருந்த காலம் அது. அந்நிய தேசங்களிலே பெயர் அறியப்பட்ட ஆராய்ச்சியாளர், பரீட்சைக்குத் தோற்றும் மாணவர்க்குத் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்துச் சீவனம் நடத்தினார். இதனைப் படிக்கும் இளைஞருள்ளும் பட்டம் பெற்று வீட்டிலே இருப்போர் உண்டு. அவர்தம் வேதனையை விரித்துச் சொல்லவேண்டியதில்லை. நாள் முழுவதும் பிறருக்குச் சூத்திரங்களை மனனஞ் செய்வித்துவிட்டு, எஞ்சிய பொழுதிலே தம் ஆராய்ச்சியைத் தொடர்வது எத்துணைக் கடினம்! அவர் அதனை விட்டுவிடவில்லை. சில ஆண்டுகளின் பின்னரே ஆந்திர சர்வகலாசாலையிலே அவருக்கு விரிவுரையாளர் பதவி கிட்டிற்று.

1946இல் அமெரிக்காவின் பிறின்ஸ்ரன் நகரத்து உயராய்வு நிறுவனத்துக்குச் செல்லும் வாய்ப்பு வந்தது. ஐன்ஸ்ரைன் அங்கேதான் இருந்தார். ஹேர்மன் வைல் என்னும் பேரறிஞரும் அங்கே இருந்தார். சுவீடன் தேசத்து ஓகே பிளேயெல் என்பவரும் அங்கு வந்து சேர்ந்தார். மீனாட்சிசுந்தரமும் பிளேயெலும் கூடிச் செய்த ஆராய்ச்சியே ஈண்டு நமக்கு வேண்டியது.

அதனை யாழிலிருந்து தொடங்கலாம். யாழின் நரம்பைச் சரிபாதியாகக் குறைத்தால் சுரம் ஒரு தானம் உயர்ந்து மேற்சட்சமாகும். நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள இக்கணக்கைத் துருவித்துருவி ஆராய்ந்து, மறைந்துபோன யாழ்களை மீட்டுத் தந்தவர் எம் காரைதீவு தந்த விபுலானந்த அடிகளார். அவருடைய யாழ்நூல் 1947இல் திருக்கொள்ளம்பூதூரிலே அரங்கேறியது. அதே ஆண்டிலே பிறின்ஸ்ரனில் மீனாட்சிசுந்தரம் ஆராய்ந்துகொண்டிருந்ததும் ஒருவகையில் அதே கணக்குத்தான் என்பதை எண்ணும்போது எமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டாகின்றது. ஒருவர் அறிந்த நீளத்திலிருந்து சுரத்தைக் கண்டார். மற்றவர் சுரங்களை வைத்துக்கொண்டு அறியாத வெளியின் அளவைக் காண முயன்றார்.

யாழ் நரம்புக்கு இரு முனைகள் உண்டு. முனையில்லாத வளையம் ஒன்றிலே அலை ஓடுவதாகக் கொள்வோம். அலை ஒரு சுற்று வந்து தன் வாலைத் தானே கௌவும்போது மேடும் பள்ளமும் பிசகாமற் பொருந்தவேண்டும். பொருந்தாத அலை தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். ஆகவே எல்லாச் சுரமும் அவ்வளையத்தில் எழா. குறிப்பிட்ட சில மட்டுமே எழும். அவற்றுள் மிகத் தாழ்ந்த சுரம் எதுவெனத் தெரிந்தால் வளையத்தின் சுற்றளவு தெரியும். மூடிய பரப்புக்கும், மூடிய வெளிக்கும், இன்னும் மேலான பரிமாணங்களுக்கும் இது பொருந்தும். அளவுடைய வெளி ஒவ்வொன்றுக்கும் தனக்கேயுரிய சுரவரிசை ஒன்று உண்டு. அளவின்றி விரிந்த வெளிக்கோ இத்தகைய தனித்தனிச் சுரப்படிகள் இல்லை. அங்கே எந்த அலையும் எழலாம். ஒரு குறித்த மீடிறனுக்குக் கீழே எத்தனை சுரங்கள் உள்ளன என்று எண்ணினால் பரப்பையோ கனவளவையோ கணிக்கலாம் என்பதை 1911இல் வைல் நிறுவியிருந்தார். வெளியின் வளைவையும் அவ்வாறே சுரங்களிலிருந்து பிரித்தெடுக்கும் வழியை மீனாட்சிசுந்தரமும் பிளேயெலும் கண்டனர்.

அவர்கள் கண்ட வழி வெப்பத்தைப் பற்றிய கணக்கோடு பின்னியது. ஆதலால் சூட்டைக்கொண்டு அதனை விளக்குகின்றேன். நீண்ட இரும்புக் கம்பி ஒன்றிலே ஓரிடத்திற் சூடு வைத்தால் அது இருபுறமும் பரவும். வைத்த இடத்தில் ஒரு விநாடி கழிந்தபின் எவ்வளவு சூடு எஞ்சியுள்ளதோ, நாலு விநாடி கழிந்தபின் அதில் அரைவாசி இருக்கும். தட்டையான தகரத்தில் வைத்தால் காற்பங்கு. பெரிய கருங்கல்லின் நடுவிலே வைத்தால் அரைக்காற்பங்கு. பரவுவதற்குத் திசை கூடக் கூட எஞ்சும் சூடு குறைகின்றது. ஆகவே சூடு குறையும் வேகத்தைப் பார்த்தே, நாம் இருக்கும் வெளிக்கு எத்தனை பரிமாணம் என்று சொல்லிவிடலாம்.

இனி நுட்பமாகப் பார்க்கவேண்டும். கோளம்போல் வளைந்த பரப்பிலே, முன்னர்க் கண்டபடி, சுற்றளவு குறைவு. சூடு பரவிப் போவதற்கு இடமும் சற்றுக் குறைவு. எனவே வைத்த இடத்தில் எஞ்சுவது தட்டையான பரப்பிலும் சிறிது கூடுதலாயிருக்கும். அக்கூடுதல் அவ்விடத்து வளைவுக்கு நேர்விகிதமானது. இன்னும் நுட்பமாகச் சென்றால் வளைவின் வளைவு என்றாற்போல மேலும் மேலும் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நெடுங்காலம் காத்திருந்தாலும் ஓர் உண்மை வெளிப்படும். அளவற்ற வெளியிலே சூடு பரவிப் பரவி முடிவில் ஒன்றுமில்லாதது போலாகும். அளவுடைய, எல்லையற்ற வெளியிலோ அது எங்கும் தப்பிப்போக வழியின்றி, எல்லா இடத்திலும் சமமாய் நிரம்பி, ஒரு மட்டத்தில் நிலைத்து நிற்கும். அம்மட்டத்திலிருந்தே வெளியின் மொத்தக் கனவளவு தெரியும்.

எல்லா இடங்களையும் சேர்த்துச் சராசரியாகப் பார்த்தால், வைத்த சூடு எவ்வாறு குறையும் என்பதை வெளியின் சுரவரிசையே முற்றாக நிர்ணயிக்கின்றது. அச்சுரங்களையெல்லாம் திரட்டி, அவற்றைக்கொண்டு ஒரு முடிவிலாத் தொடரை அமைத்து, அது கூட்ட அடங்காத இடத்திலும் பொருள் தருமாறு விரிவாக்கியதே மீனாட்சிசுந்தரம், பிளேயெல் இருவரின் சாதனை. கணித உலகம் அதனை இன்று மீனாட்சிசுந்தரம்–பிளேயெல் சீற்றாச் சார்பு என்று அழைக்கின்றது. ஆனந்தராவ் அவர்களிடம் கற்ற, அடங்காத தொடரை அடக்கும் கலை இங்கே கைகொடுத்தது. றாசின் அடிகள் காட்டிய சமன்பாடுகளின் வழியும் இங்கே வந்து கூடிற்று. சென்னையிலே கற்ற இரண்டும் இல்லாமற் பிறின்ஸ்ரனிலே இது விளைந்திருக்காது என்றே நான் கருதுகின்றேன். கனடா தேசத்துக் கணித சஞ்சிகை தொடங்கப்பெற்ற முதலாண்டாகிய 1949இல், 15 பக்க அளவில் அக்கட்டுரை வெளிவந்தது. அதே தொகுதியில் மீனாட்சிசுந்தரம் தனித்து எழுதிய கட்டுரை ஒன்றும் உண்டு.

1948இல் அவர் தாயகம் மீண்டார். மேல்நாட்டிலேயே தங்கிவிட்டவர் பலருண்டு. அவர்களைக் குறைகூறுவது என் கருத்தன்று. மீனாட்சிசுந்தரம் விசாகப்பட்டினத்துக் கடலருகே வால்ற்றேரிலுள்ள ஆந்திர சர்வகலாசாலைக்கே திரும்பினார். அங்கே பேராசிரியராகவும் உயர்ந்தார். தொடர்களைக் கூட்டும் கலையைப் பற்றிச் சந்திரசேகரன் என்னும் அறிஞரோடு சேர்ந்து எழுதிய நூல் 1952இல் வெளிவந்தது. வெளியின் சுரங்களைப் பற்றிய ஆராய்ச்சியையும் அவர் கைவிடவில்லை. 1953இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையிலே அதனை மேலும் தொடர்ந்தார். ஆயினும் அன்று இந்தியாவில் அத்துறையிலே அவரோடு உரையாடத்தக்கவர் மிகச் சிலரே. பேச்சுத்துணையில்லாத புலமை நீர் குறைந்த வயல்போன்றது. அது விளையும், ஆனால் விளைச்சல் குறையும்.

அவர் விதைத்தது பிறர் நிலத்திலே முளைத்தது. 1964இல் அமெரிக்க அறிஞர் மில்னர், பதினாறு பரிமாணமுடைய இரு மூடிய வெளிகள் ஒரே சுரவரிசையை உடையனவாய், உருவிலே வேறுபட்டிருக்கக் கூடும் என்று காட்டினார். ஆகவே சுரங்கேட்டே வெளியின் உருவம் முழுவதையும் அறிந்துவிடலாம் என்று எண்ணுதல் தவறு. பரிமாணம், கனவளவு, மொத்த வளைவு ஆகியவை மட்டும் தப்பாமல் தெரியும். 1966இல் மார்க் காட்ஸ் என்பவர் ஒரு மத்தளத்தின் ஓசையைக் கேட்டு அதன் வடிவத்தைச் சொல்லமுடியுமா என்னும் வினாவை எழுப்பிப் பலரையும் இத்துறைக்கு ஈர்த்தார். அடுத்த ஆண்டு மக்கீனும் சிங்கரும் மீனாட்சிசுந்தரம்–பிளேயெல் விரிவையே அடித்தளமாகக் கொண்டு புதிய கட்டடம் எழுப்பினர். உலகக் கணிதம் அவர் கண்ட வழியிலே திரண்டு வரத் தொடங்கிய அத்தருணத்திலே, 1968 ஓகஸ்ட் 13ஆந் திகதி, தம் 54ஆவது வயதிலே மீனாட்சிசுந்தரம் காலமானார்.

மூன்றாண்டுகளின் பின் பம்பாய் தாதா ஆராய்ச்சி நிறுவனத்து இளைஞர் பதோடி, அதே வெப்ப விரிவைக்கொண்டு கேத்திரகணிதத்தின் மிக ஆழமான தேற்றங்களுக்குப் புதிய நிறுவல் தந்தார். அவரும் 1976இல் 31 வயதிலேயே மறைந்தார். 1977இல் ஸ்ரீபன் ஹோக்கிங் வளைந்த வெளியிலே துணிக்கைகளின் சத்தியைக் கணிக்கும்போது, முடிவிலியாய் வந்த விடைகளுக்குப் பொருள் காண இச்சீற்றாச் சார்பு வகையையே பயன்படுத்தினார். இவ்வாறாக அவர் பெயர் பௌதிகவியல் நூல்களிலும் புகுந்தது.

நம் பிரபஞ்சம் அளவுடையதா என்னும் பழைய வினா என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பிரபஞ்சத்தின் இளமைக் காலத்து வெப்பத்தின் எச்சம் வானெங்கும் நுண்ணலையாய்ப் பரவியுள்ளது. அதிலே சிறுசிறு ஏற்றத்தாழ்வுகள் உண்டு. அவை அன்றைய வெளியிலே எழுந்த சுரங்களின் சுவடுகள் எனலாம். சிறிய மத்தளத்தில் மிகத் தாழ்ந்த ஓசை எழாததுபோல, மூடிய சிறு வெளியிலே மிக நீண்ட அலைகள் எழமாட்டா. 2003இல் அமெரிக்கச் செய்மதி ஒன்று தந்த அளவுகளிலே மிக நீண்ட அலைகள் எதிர்பார்த்ததிலும் மெலிந்திருந்தன. பிரான்சு தேசத்து லுமினே முதலியோர், நாம் முன்னர்க் கண்ட நாற்பரிமாணக் கோளத்தோலை 120 சமபங்காக்கி, அதில் ஒரு பங்கின் எதிரெதிர் முகங்களை ஒட்டினாற்போன்ற மூடிய வெளியே நம் பிரபஞ்சம் என அவ்வாண்டே கருத்து வெளியிட்டனர். அத்தகைய வெளியின் சுரவரிசையைக் கணித்து வானத்துச் சுவடுகளோடு ஒப்பிட்டனர். 2013 முதல் ஐரோப்பாவின் பிளாங்க் செய்மதி இன்னும் நுட்பமாக அளந்து தந்த தரவுகளிலே அதற்குச் சான்று கிடைக்கவில்லை. வெளி ஏறக்குறையத் தட்டையானது என்றே அவ்வளவுகள் சொல்லுகின்றன. ஆனால் மிகப் பெரிய கோளத்தின் சிறு பகுதியும் தட்டையாகவே தோன்றும். படுவான்கரை வயலிலே நிற்பவனுக்குப் பூமி தட்டைதானே! வெளி மூடியதாயின், அதன் சுற்று நம் கண்ணுக்கும் கருவிக்கும் எட்டும் தூரத்திலும் பெரியது என்பது மட்டும் இப்போது தெரிகின்றது. அளவீடுகள் தொடர்ந்துகொண்டே இருக்கின்றன.